மாடி ஹாலில் யோகம் வளர்கிறது!

நடுவர் அவர்களே, எதிரணிப் பெரியவர்களே, எத்தனை கொசு கடித்தாலும் எழுந்து போகாத கும்பகோணத்துப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'இன்றைய யோகா ஸ்டுடியோக்களில் யோகம் வளர்கிறதா, தேய்கிறதா?' இதுதான் தலைப்பு. வளர்கிறது என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய ஐயா, தேய்கிறது என்பதற்கு வரிசையாகக் காரணம் அடுக்கினார். மாடியில் ஒரு ஹால், சுவர் முழுக்கக் கண்ணாடி, ரப்பர் மேட், நாற்காலி, மாதக் கட்டணம், பின்னணியில் புல்லாங்குழல். இதுவா யோகம் என்று கேட்டார். அமெரிக்காவில் ஆட்டுக்குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு யோகா செய்கிறார்கள் என்றும் சொன்னார். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

ஆனால் ஐயா, ஆட்டைப் பார்த்து நாம் சிரிக்கலாமா? இங்கிருந்து மயிலாடுதுறை போகிற வழியில் திருவாவடுதுறை இருக்கிறது. மேய்ப்பன் மூலன் செத்துக் கிடக்கிறான், மாடுகள் அவனைச் சுற்றி நின்று கதறுகின்றன. கயிலாயத்திலிருந்து வந்த யோகி ஒருவர் அதைப் பார்க்கப் பொறுக்காமல், தன் உடம்பை விட்டு அவன் உடம்புக்குள் புகுந்தார் என்பது நம் பக்கத்துக் கதை. மாட்டுக்காக உடம்பையே மாற்றிக்கொண்டவர் திருமூலர். ஆட்டுக்குட்டி மட்டும் என்ன பாவம் செய்தது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஐயா பேச்சில் பலத்த கைதட்டல் வாங்கிய இடம் எது? "நம் பாட்டி அம்மி அரைத்தாள், ஆட்டுக்கல் சுற்றினாள், குனிந்து நாற்று நட்டாள். அவளுக்கு எந்த ஸ்டுடியோ? அவள் வாழ்க்கையே யோகாசனம்" என்றாரே, அந்த இடம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. நட்டவளைக் கேட்டுப் பார்த்தீர்களா?

நடவு எப்படி நடக்கும்? இடது கையில் நாற்று முடி. வலது கையால் நாலைந்து நாற்றாகப் பிரித்து, விரல் நுனியால் சேற்றில் ஊன்றி, அடியடியாகப் பின்னால் நகர வேண்டும். காலையில் குனிந்த இடுப்பு, வரப்பேறிக் கஞ்சி குடிக்கும்போதுதான் நிமிரும். அதுவும் சட்டென்று நிமிராது. கையை முழங்காலில் ஊன்றி, 'அம்மாடி' என்று ஒரு முனகல் போட்டபிறகு பாதி நிமிரும். குறுவை முடிந்தால் சம்பா, அப்புறம் தாளடி. வருஷக்கணக்கில் ஒரே பக்கமாக வளைந்த முதுகு அது. ஆசன வகுப்பில் முன்னால் குனிந்தால் அடுத்து பின்னால் வளையச் சொல்வார்கள். வலப்பக்கம் செய்ததை இடப்பக்கமும் செய்யச் சொல்வார்கள். கடைசியில் சவாசனத்தில் படுக்க வைப்பார்கள். எந்த மிராசுதார் வரப்பில் நின்று, "போதும் தாயி, அஞ்சு நிமிஷம் சவாசனம் போடு" என்று சொன்னார்? கூலிக்கு ஒடிந்த முதுகை யோகம் என்று புகழ்ந்துவிட்டால், அந்த முதுகுக்குத் தைலம் வாங்கித் தர வேண்டாம் பாருங்கள்!

எங்கள் தெருவில் அப்படி நட்டு நட்டு ஓய்ந்த அக்கா ஒருவர் இருக்கிறார். நடவு இயந்திரம் வந்தபிறகு சாயங்காலம் பஜ்ஜி, போண்டா போட்டு விற்கிறார். விடியற்காலையில் மருந்துக்கடைக்கு மேலே இருக்கிற மாடி ஹாலுக்குப் போகிறார். முதல் வாரம் தரையில் உட்காரவே முடியவில்லை. அங்கே சொல்லித் தருவது ஒரு சின்னப் பெண். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, "அக்கா, நீங்க இதுலயே உக்காந்து செய்யுங்க. கையைத் தூக்கறப்போ மூச்சு உள்ளே, இறக்கறப்போ வெளியே. முட்டியை வருத்தாதீங்க" என்றது. ஐயா கேலி செய்த அதே நாற்காலிதான். நாற்காலி, பெல்ட், மரக்கட்டை இவற்றையெல்லாம் யோகப் பயிற்சிக்குள் கொண்டுவந்து உலகமெங்கும் பரப்பியவர் புனேவில் வாழ்ந்த பி.கே.எஸ். அய்யங்கார். சிறு வயதில் காசநோய், டைபாய்டு, மலேரியா எல்லாம் வாட்டியெடுத்த உடம்பு அவருடையது. வளையாத உடம்பின் வலி அவருக்குத் தெரியும்.

அடுத்து, யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி. ஏறக்குறைய 200 சூத்திரங்களில் ஆசனத்துக்கு மூன்றே மூன்றுதான் என்றார் எதிரணி அம்மா. உண்மை. அந்த மூன்றிலும் ஓர் ஆசனத்தின் பெயர்கூடக் கிடையாதே அம்மா! நிலையாக, சுகமாக இரு என்பதோடு சரி. அப்படியென்றால் நீங்கள் வீட்டுக் கூடத்தில் செய்கிற திரிகோணாசனமும் அவர் கணக்கில் வராது. இன்று உலகம் செய்கிற ஆசன வரிசைகளில் பெரும்பகுதிக்கு வேர், 1930-களில் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் நடத்திய யோகசாலை. அய்யங்காரும் பட்டாபி ஜோயிசும் அவரிடம் படித்தவர்கள். ஒரு ஹால், ஓர் ஆசிரியர், வகுப்புக்கு ஒரு நேரம், ஆசிரியருக்குப் படியளக்க ஒரு மகாராஜா. ஸ்டுடியோ என்ற பெயர்ப் பலகை மட்டும்தான் இல்லை.

அந்தக் கதவும் எல்லோருக்கும் திறந்துவிடவில்லை. ஐரோப்பாவில் லாட்வியா நாட்டு ரீகா நகரத்தில் பிறந்த இந்திரா தேவி வந்து கேட்டபோது, பெண், அதுவும் வெளிநாட்டவர் என்று கிருஷ்ணமாச்சாரியார் மறுத்தார். மகாராஜா சொன்னபிறகே சேர்த்துக்கொண்டார். அந்த அம்மாள்தான் 1940-களின் கடைசியில் ஹாலிவுட்டில் ஸ்டுடியோ திறந்தவர். குருகுலத்தில் காசு வாங்கினார்களா என்று கேட்கிறீர்கள். வாங்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். யாரை உள்ளே விட்டார்கள்? எங்கள் அக்கா போய் நின்றிருந்தால் வாசலிலேயே நிறுத்தி என்ன குலம் என்று கேட்டிருப்பார்கள். இந்த மாடியில் ஜிபே ஆகிவிட்டதா என்று மட்டும் கேட்கிறார்கள்.

தனி அறை எதற்கு, காவிரிக் கரையில் செய்தால் ஆகாதா என்றார்கள். 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் எழுந்த ஹடயோகப் பிரதீபிகை என்ற யோக நூல் யோகிக்கு வீட்டு பிளானே போட்டுக் கொடுக்கிறது. சின்ன வாசல், பொந்து ஓட்டை இல்லாத சுவர், சாணி மெழுகிய தரை, பூச்சி பொட்டு இருக்கக் கூடாது, வெளியே மண்டபமும் கிணறும் வேண்டும். சாணிக்குப் பதில் டைல்ஸ், கிணற்றுக்குப் பதில் கேன் தண்ணீர். பூச்சி மட்டும்தான் நம் ஊரில் கஷ்டம். கீதை ஆறாம் அத்தியாயம் தர்ப்பையும் மான்தோலும் துணியும் விரித்து உட்காரச் சொல்கிறது. ரப்பர் மேட் வந்ததில் மானாவது பிழைத்தது!

எதிரணி சொன்னதில் எனக்கு மறுக்கக் கஷ்டமாக இருந்தது ஒன்றுதான். தீயதை விலக்குகிற இயமம், நல்லதைக் கடைப்பிடிக்கிற நியமம் என்ற முதல் இரண்டு படிகளைத் தாண்டித்தானே ஆசனம் வருகிறது, ஸ்டுடியோவில் நேரே மூன்றாம் படிக்குத் தாவுகிறார்களே என்றார்கள். திருமந்திரம் மூன்றாம் தந்திரத்திலும் அதுதான் வரிசை. ஆனால் 'உடம்பினை முன்னம் இழுக்கென்று இருந்தேன்' என்று ஒத்துக்கொண்டு, 'உடம்பினுக்குள்ளே உறுபொருள் கண்டேன்' என்று பாடியவரும் அதே திருமூலர்தான். அக்கா கதையையே பாருங்கள். கடை மூடி, ராத்திரி பத்து மணிக்கு மீந்த போண்டாவையும் சோற்றோடு சேர்த்து ஒரு கட்டு கட்டுவது அவர் பழக்கம். விடியற்காலை குனிந்தால் நெஞ்சு வரை எரியும். யாரும் சொல்லாமலே ராத்திரிச் சாப்பாடு பாதியானது, அதுவும் ஏழு மணிக்கு முன்னால். அரை வயிறு சோறு, கால் வயிறு தண்ணீர், மீதிக் கால் வெறுமை என்று யோக நூல்கள் சொல்கிற மிதாகாரம் அது. அந்தப் பெயரை அக்கா கேள்விப்பட்டதே கிடையாது. நியமம் கொல்லைப்புறமாக வந்தது, அவ்வளவுதான்.

குறை இல்லையா? நிறைய இருக்கிறது. 200 மணி நேரப் பயிற்சிக்கு வாங்கிய சான்றிதழைச் சுவரில் மாட்டிக்கொண்டு, கழுத்தெலும்பு தேய்ந்தவரையும் சிரசாசனம் போடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் வாதாடவில்லை. ஹாட் யோகா என்று அறையை 40 டிகிரிக்குச் சூடேற்றிக் காசு பிடுங்குகிறவர்களுக்காகவும் வாதாடவில்லை. கத்திரி வெயிலில் திருவாரூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தால் அதெல்லாம் இலவசம்.

நடுவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். அடுத்துப் பேச வரும் எதிரணித் தம்பிக்கு ஒரே ஒரு கேள்வி. ஸ்டுடியோவை இன்றைக்கே பூட்டிவிடலாம், சாவியை உங்களிடமே தருகிறேன். நாளை விடியற்காலை ஐந்தரை மணிக்கு எங்கள் அக்கா எந்தத் தெருவுக்கு, யார் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டும்? அந்த முகவரியை முதலில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள் தம்பி. நன்றி, வணக்கம்.