உறுதி யார் பெயரில் இருக்கிறது?

(கிழக்கு லண்டனில் தமிழ் விளையாட்டுக் கழகமொன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, மங்கல விளக்கேற்றி வைத்த ஆலய அறங்காவலர் ஐயா அவர்களே, பிரதம விருந்தினராக வந்து எங்களைப் பெருமைப்படுத்தியிருக்கும் நகரசபை உறுப்பினர் அவர்களே, தமிழ்ப் பாடசாலை அதிபர் அம்மா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் பெரியோர்களே, கிண்ணம் வாங்கக் காத்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நகரசபை உறுப்பினர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகளின் பயிற்சி மைதானத்தில் மின்விளக்கு எரியாமல் கிடந்தபோது, ஒரு தொலைபேசி அழைப்போடு நேரில் வந்து பார்த்தவர் அவர். அதிபர் அம்மா தமிழ் வகுப்பு நேரத்தை மாற்றித் தந்ததால்தான் சனிக்கிழமைகளில் அணியே சேர்கிறது. அறங்காவலர் ஐயாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. ஒவ்வொரு வருடமும் தேர்த் திருவிழாவில் வடத்தின் முன் நின்று அவர் ஒன்று சொல்லுவார்: ஊர் கூடினால்தான் தேர் நகரும். எந்த மேடையில் ஏறினாலும் நான் அதைச் சொல்லாமல் இறங்குவதில்லை. இன்றைக்கும் சொல்லத்தான் போகிறேன்.

இன்று மூன்று விடயங்கள் கதைக்க நினைத்திருக்கிறேன். சிறிய ஊர் மைதானங்களுக்கு உதைபந்தாட்டம் பார்க்க ஏன் போக வேண்டும், எப்படிப் போவது, அந்த மைதானங்களை எப்படிக் காப்பாற்றுவது.

இங்கிலாந்தில் பிரிமியர் லீக்கும் அதற்குக் கீழே உள்ள மூன்று பிரிவுகளும் சேர்ந்தால் 92 கழகங்கள். தொலைக்காட்சியில் நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் இவைதான். ஆனால் ஐந்தாவது அடுக்கில் தொடங்கிக் கீழே கீழே போய், மாவட்டப் பிரிவுகள் வரைக்கும் இன்னும் எத்தனையோ கழகங்கள் இருக்கின்றன. இதைத்தான் நொன்-லீக் என்கிறார்கள். அங்கே ஆடுகிறவர்களில் பலர் வாரம் முழுக்க வேறு வேலை செய்கிறவர்கள். மின்வேலை பார்ப்பவர், பாடசாலை ஆசிரியர், டெலிவரி வான் ஓட்டுபவர். சனிக்கிழமை மூன்று மணிக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு இறங்குகிறார்கள்.

பிள்ளைகள் ஆர்சனல், லிவர்பூல் என்று சட்டை போடுகிறார்கள். போடட்டும், சந்தோஷம். ஆனால் ஒரு குடும்பம் முழுதும் அந்த மைதானங்களுக்குள் போய் வர என்ன செலவாகும் என்று இங்கே இருக்கிற அப்பாக்களுக்குத் தெரியும். ஊர் மைதானத்திலோ நீங்கள் வாசலில் காசைக் கொடுத்துவிட்டு நேரே கம்பி வேலிக்குப் போய்விடலாம். முழங்கையைக் கம்பியில் ஊன்றி நின்றால் கோல்கீப்பர் தன் ஆட்களைத் திட்டுவது காதில் விழும். ஈர மண்ணில் பூட்ஸ் வழுக்கும் சத்தம்கூடக் கேட்கும். இடைவேளை வந்ததும் இரு பக்கத்து ரசிகர்களும் அப்படியே நடந்து இடம் மாறி, தங்கள் அணி கோல் போடப் போகிற வலைக்குப் பின்னால் போய் நிற்பார்கள். வழியில் ஒருவரையொருவர் கடக்கும்போது சுகம் விசாரிப்பதும் உண்டு.

வரலாறு பிடிக்குமென்றால் ஷெஃபீல்டுக்குப் போய் வாருங்கள். 1857 இல் தொடங்கிய ஷெஃபீல்ட் எஃப்.சி.தான் உலகத்தின் மிகப் பழைய உதைபந்தாட்டக் கழகம். 1860 இல் ஹாலம் என்ற இன்னொரு கழகம் அங்கே எழும்பியது. அந்த வருடம் டிசம்பர் 26 ஆம் தேதி சாண்டிகேட் மைதானத்தில் இரண்டும் மோதின. இரண்டு கழகங்களும் இன்றைக்கும் நொன்-லீக்கில்தான் ஆடுகின்றன. சாண்டிகேட்டும் அதே இடத்தில் இருக்கிறது. இன்னும் ஆட்டம் நடக்கும் மிகப் பழைய மைதானம் என்று கின்னஸ் அதை ஏற்றிருக்கிறது. ஆடுகளம் ஒரு பக்கம் நன்றாகச் சரிந்திருக்கும். அந்தச் சரிவில் நின்று ஆட்டம் பார்க்க எந்தப் பிரிமியர் லீக் டிக்கெட்டையும் நான் விட்டுக்கொடுப்பேன்.

கீழே ஆடுகிறவன் மேலே போக மாட்டான் என்றும் நினைக்காதீர்கள். ஜேமி வார்டி ஸ்டொக்ஸ்பிரிட்ஜ் என்ற ஊர்க் கழகத்தில் ஆடிக்கொண்டே தொழிற்சாலையில் வேலை செய்தவர். 2016 இல் லெஸ்டர் அணியோடு பிரிமியர் லீக் கிண்ணத்தைத் தூக்கினார்.

எங்கள் பக்கத்தையே எடுங்கள். ஈஸ்ட்ஹாமில் மரக்கறி வாங்கிக்கொண்டு போகும் எங்கள் ஆட்களில் எத்தனை பேருக்கு ஃபொரெஸ்ட் கேட்டில், அப்டன் லேனில், ஓல்ட் ஸ்பொட்டட் டோக் என்று ஒரு மைதானம் இருப்பது தெரியும்? 1888 இலிருந்து அங்கே உதைபந்தாட்டம் நடக்கிறது. பழைய கிளப்டன் கழகத்தின் வீடாக இருந்தது அது. வால்டர் டல் என்ற இளைஞர் 1908 இல் இந்தக் கழகத்துக்கு ஆட வந்தார். அவருடைய தகப்பன் பார்படோஸிலிருந்து வந்தவர். தாயும் தகப்பனும் இறந்துபோக, பெத்னல் கிரீனில் ஓர் அநாதை இல்லத்தில் வளர்ந்த பிள்ளை. ஒரு பருவம் கிளப்டனுக்கு ஆடினார், சம்பளம் வாங்காத ஆட்டக்காரர்களுக்கான அமெச்சூர் கிண்ணம் கைக்கு வந்தது. 1909 இல் டொட்டன்ஹாம் அவரைக் கூட்டிக்கொண்டு போனது. பிறகு முதலாம் உலகப் போரில் அதிகாரியாக உயர்ந்து, 1918 மார்ச்சில் பிரான்சில் விழுந்தார். அவருடைய உடல் கிடைக்கவே இல்லை. குடியேறி வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் என்ன இடம் என்று கேட்கிறவர்களை நான் அப்டன் லேனுக்குத்தான் கூட்டிக்கொண்டு போவேன்.

எங்கள் கதையும் இந்தச் சின்ன மைதானங்களில் எழுதப்பட்டிருக்கிறது. 2018 இல் லண்டனில், ஃபிஃபாவில் இடம் இல்லாத அணிகளுக்கான உலகக் கிண்ணம் நடந்தது. தமிழீழ அணியும் அதில் ஆடியது. வெம்ப்ளி கிடைக்கவில்லை, கதவைத் திறந்து விட்டவை சட்டன், ப்ரொம்லி, என்ஃபீல்ட் போன்ற நொன்-லீக் மைதானங்கள். இறுதி ஆட்டம் என்ஃபீல்டில்.

இனி என் மாமாவின் கதைக்கு வருகிறேன். கேட்டவர்கள் இங்கே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமா, மனைவியின் தகப்பன், யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்தவர். பாடசாலை ஆட்டங்களுக்கு நீண்ட காலம் நடுவராக நின்றவர். எங்களைப் பார்க்க வந்திருந்த நேரம், எசெக்ஸ் பக்கம் ஒரு சிறிய மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புரட்டாதி மாதத்துச் சனிக்கிழமை. அவருக்கு அந்தக் குளிரே பெரிய குளிர். மங்கித் தொப்பியும் மஃப்ளரும் கட்டிக்கொண்டு வந்தார். மூன்று மணி ஆகியும் ஆட்டம் தொடங்கவில்லை. ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். "தம்பி, என்னவாம்?" என்று கேட்டார். ஒரு லைன்ஸ்மனின் கார் வழியில் நின்றுவிட்டது, பார்வையாளர்களில் யாராவது கொடி பிடிக்கத் தெரிந்தவர் உண்டா என்று கேட்கிறார்கள் என்றேன். "ஏன், நான் இருக்கிறன்தானே" என்றார். "மாமா, இது நம்மூர் இல்லை" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஆள் கம்பி வேலியைத் தாண்டிவிட்டார்.

நடுவர் ஓஃப்சைட் பற்றி, அதாவது பந்தை அடிக்கும் நேரத்தில் எதிரணியின் கடைசிக்கு முதல் ஆளைத் தாண்டி முன்னால் நிற்கும் பிழையைப் பற்றி, இரண்டு கேள்வி கேட்டார். மாமா வகுப்பில் பாடம் எடுக்கும் ஆங்கிலத்தில், நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னார். கொடியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். யாருடையதோ பூட்ஸும் வந்தது. தொப்பியை மட்டும் கழற்ற மாட்டேன் என்றுவிட்டார். அந்த வயதில் அவர் கோட்டோரமாக ஓடிய ஓட்டத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். முகத்தைத் திருப்பாமல் பக்கவாட்டில் ஓடுகிறார், கொடி எப்போதும் ஆடுகளத்தின் பக்கத்துக் கையில்.

இரண்டாம் பாதியில் உள்ளூர் அணி ஒரு கோல் போட்டது. எல்லோரும் துள்ளுகிறார்கள். மாமாவின் கொடி மேலே நிற்கிறது. ஓஃப்சைட்! நடுவர் கோலை நிராகரித்துவிட்டார். கம்பி வேலியில் நின்றவர்கள் விட்ட சத்தத்தில் எனக்குக் கால் நடுங்கியது. நாயைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர், ஒரு கை தூரத்தில் நின்று, உனக்குக் கண் தெரியுமா என்று கத்தினார். மாமா திரும்பவில்லை. ஆடுகளத்தைப் பார்த்தபடியே ஆங்கிலத்தில் கேட்டார்: "கடைசிக்கு முதல் ஆள் எங்கே நின்றவன் என்று நீர் பார்த்தீரா?" அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டார். ஆட்டம் முடிந்ததும் அதே ஆள் ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு மாமாவைத் தேடி வந்தார்!

கழகத் தலைவர் எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போய் இருத்தினார். இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' பலகாரம் வந்தது. மாமாவோ புரட்டாதிச் சனி விரதம். நான் விளக்கிச் சொன்னதும், தேநீர்க் கொட்டிலில் நின்ற அம்மா, "சாப்பிடாமல் அனுப்ப மாட்டேன்" என்று பாணை வெட்டி, வெண்ணெய் பூசி, சுடச்சுட உருளைக்கிழங்கு சிப்ஸை நடுவில் வைத்துக் கொண்டுவந்து தந்தார். மாமா அதை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டே சுற்றிப் பார்த்தார். சுவருக்குப் பூச்சு அடித்தது, கூரை போட்டது, புல் வெட்டுவது எல்லாம் ஊர்க்காரர்களே சம்பளமில்லாமல் செய்த வேலை என்று தலைவர் சொன்னார். அப்போது மாமா, யாழ்ப்பாணத்து ஆள் அல்லவா, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்: "இந்தக் காணி ஆருடையது? உறுதி யார் பெயரில் இருக்கிறது?"

உறுதி என்றால் காணிப் பத்திரம். நான் மொழிபெயர்த்தேன். தலைவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. காணி வேறொருவருடையது, குத்தகை முடிய அதிக காலம் இல்லை என்றார். "உறுதி இல்லாத காணியிலையா இவ்வளவு வேலை செய்திருக்கிறீங்கள்?" என்று மாமா கேட்டதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவருடைய முகத்திலிருந்தே தலைவருக்கு விளங்கிவிட்டது.

அன்றிலிருந்து எந்த ஊர் மைதானத்துக்குப் போனாலும் இந்தக் கேள்வியைத்தான் நான் கேட்கிறேன். பதில்கள் நல்லதாக இல்லை. ஹரோவில் லோயர் மீட் என்று வீல்ட்ஸ்டோன் கழகத்தின் மைதானம் இருந்தது. 1985 இல் ஒரே பருவத்தில் நொன்-லீக்கின் உச்சப் பிரிவையும் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கமான எஃப்.ஏ. நொன்-லீக் கழகங்களுக்கு நடத்தும் டிராஃபியையும் வென்ற முதல் கழகம் அது. 1991 இல் அந்த இடம் விற்கப்பட்டது. இன்று அங்கே சூப்பர் மார்க்கெட். எங்கள் ஆட்கள் அரிசியும் பாலும் வாங்கும் இடம். வீல்ட்ஸ்டோன் 2008 வரை மற்றவர்களின் மைதானங்களில் ஒண்டிக்குடித்தனம் இருந்தது. டூட்டிங் அண்ட் மிச்சம் கழகத்தின் சாண்டி லேனில், 1959 எஃப்.ஏ. கிண்ண ஆட்டத்தில், பெரிய கழகமான நொட்டிங்ஹாம் ஃபொரெஸ்ட் தோற்கும் நிலைக்குப் போய் இரண்டுக்கு இரண்டு என்று தப்பியது. அந்த வருடம் கிண்ணத்தை வென்றதே ஃபொரெஸ்ட்தான்! இப்போது சாண்டி லேனில் வீடுகள். இல்ஃபோர்டின் லின் ரோடும் வீடுகள். ஹெண்டனின் கிளாரமொன்ட் ரோடும் வீடுகள். வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்களுக்கும் வீடு வேண்டும். ஆனால் விற்ற மைதானம் ஊருக்குத் திரும்பி வந்ததில்லை.

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்றேனே, கூடிய ஊர்களும் இருக்கின்றன. என்ஃபீல்டில் மைதானம் போன பிறகு ரசிகர்களே 2001 இல் என்ஃபீல்ட் டவுன் என்று கழகம் தொடங்கினார்கள். சசெக்ஸில் லூயிஸ் கழகத்தை 2010 இல் ஊர் மக்கள் எடுத்தார்கள். எவ்வளவு காசு போட்டாலும் ஆளுக்கு ஒரு வாக்குத்தான். அந்தக் கழகம்தான் 2017 இல் ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் ஒரே அளவு பணம் ஒதுக்கியது. அதிபர் அம்மா, உங்கள் மாணவிகளிடம் இதைச் சொல்லுங்கள். எங்கள் ஓல்ட் ஸ்பொட்டட் டோக் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 இல் ரசிகர்கள் கூடி கிளப்டன் சி.எஃப்.சி., அதாவது கிளப்டன் சமூகக் கழகம், என்று தங்கள் கழகத்தைத் தொடங்கி, கீழ் அடுக்கொன்றிலிருந்து ஆடினார்கள். 2020 இல் மைதானத்தின் காணியையே வாங்கிவிட்டார்கள். மாமாவிடம் சொன்னேன். "அப்ப உறுதி இருக்கு" என்றார்.

2025 இல் வந்த உதைபந்தாட்டச் சட்டம் மேல் ஐந்து அடுக்குகளுக்குத்தான் காவல். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு 2011 உள்ளூராட்சிச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. ஒரு மைதானத்தைச் சமூகச் சொத்து என்று நகரசபைப் பட்டியலில் ஏற்றச் சொல்லி ஊர் மக்கள் விண்ணப்பிக்கலாம். பட்டியலில் ஏறினால், உரிமையாளர் விற்க வரும்போது, ஊருக்குப் பணம் சேர்க்க ஆறு மாத அவகாசம் கேட்க முடியும். ஊருக்குத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் இரவோடிரவாகக் காரியம் முடியாது. பட்டியலில் ஏற்ற விண்ணப்பிப்பதற்கு, பதிவு செய்யாத குழுவாக இருந்தால் உள்ளூர் வாக்காளர் பட்டியலில் உள்ள 21 பேர் போதும். 21 பேர்! எங்கள் வீட்டுப் பிறந்தநாளுக்கே அதைவிடக் கூடுதலாக ஆட்கள் வருகிறார்கள்.

இந்த மண்டபத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் அப்படி ஒரு மைதானம் இருக்கிறது. குத்தகைப் பேச்சு நடப்பதால் மேடையில் பெயர் சொல்லவில்லை. எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் பிள்ளைகளின் ஆறு பேர் அணிகள் அங்கேதான் ஆடுகின்றன. நகரசபை உறுப்பினர் அவர்களே, விண்ணப்பம் உங்கள் மேசைக்கு வரும்போது தயவுசெய்து அதை ஒரு தரம் முழுதாக வாசியுங்கள். அறங்காவலர் ஐயா, தேருக்குக் கூடுகிற கூட்டத்திடம் இதையும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஊர் கூடினால்தான் நகரும் என்று எனக்குச் சொல்லித்தந்தவர் நீங்கள்தான்.

தலைவர் நேரத்தைக் காட்டுகிறார். எப்படிப் போவது என்ற இரண்டாவது விடயத்தை விரிவாகச் சொல்ல முடியாது. மழை பெய்த நாளில் ஆட்டம் நடக்கிறதா என்று காலையில் கழகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள், சில்லறைக் காசு கொண்டுபோங்கள், இப்போதைக்கு அவ்வளவு போதும்.

வாசலில் மேசையில் படிவம் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தயங்க வேண்டாம். பொதுநலவாய நாட்டவர் இங்கே முறையான வதிவிட உரிமையோடு இருந்தால் வாக்காளராகப் பதியலாம், பதியாதவர்களுக்கு அந்தப் படிவமும் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். வருகிற சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஸ்டேஷன் வாசலில் நிற்பேன். மூன்று மணிக்கு ஆட்டம். பிள்ளைகளையும் அம்மம்மா அப்பப்பாமாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

நன்றி, வணக்கம்.