அந்த மூணு வருஷம்

நடுவர் அவர்களுக்கும் புதுக்கோட்டைப் பெருமக்களுக்கும் வணக்கம். வணக்கத்திலேயே நேரம் போனால் நடுவர் மணியைத் தூக்கிவிடுவார், அதனால் இவ்வளவுதான்.

'டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரை நிலைநிறுத்துவது மருத்துவப் பணியா, சட்டமன்றப் பணியா?' நான் சட்டமன்றப் பக்கம். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை வைத்து ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். தங்கை புற்றுநோயில் இறந்தது, அந்த வேதனையில் ஒரு மருத்துவமனைக்காக அலைந்தது, 1952-இல் நேரு அடிக்கல் நாட்டியது, 1954-இல் அது திறந்தது, எல்லாம் சரியாகத்தான் சொன்னார். ஒன்றையும் மறுக்க மாட்டேன். மறுத்தால் முத்துலட்சுமி பிறந்த இந்த ஊரில் எனக்கு ராத்திரிச் சாப்பாடு கிடைக்காது.

ஆனால் போகிற போக்கில் ஒன்று சொன்னார் பாருங்கள். "அந்த அம்மா சட்டமன்றத்தில் இருந்தது மூணே வருஷம். எங்க வீட்டு மிக்சி 11 வருஷமா ஓடுது!" நீங்களும் கைதட்டினீர்கள். முன்வரிசையில் ஒரு ஐயா எழுந்து நின்றே தட்டினார். அந்தக் கைதட்டலை அங்கேயே விட்டுவிட்டு நான் பஸ் ஏற முடியாது.

தம்பி, மிக்சி 11 வருஷம் ஓடுகிறது, சரி. யார் ஓட்டுகிறார்கள்? அம்மா. நீங்கள் ஒரு நாள் அதைத் தொட்டிருந்தால் மூடி ஒரு பக்கம், சட்னி இன்னொரு பக்கம் போயிருக்கும். சிரிக்காதீர்கள், விஷயம் இருக்கிறது. எத்தனை வருஷம் ஓடியது என்று மட்டும் சொன்னீர்களே, என்ன அரைத்தது என்று சொன்னீர்களா? அதே சட்னி. தேங்காய் கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய.

இந்த அம்மா மூணு வருஷத்தில் என்ன செய்தார் என்று சொல்வதற்கு முன்னால், எப்படிப்பட்ட சபையில் உட்கார்ந்து செய்தார் என்று தெரிய வேண்டும். அதற்கு எங்கள் குடியிருப்புச் சங்கத்துக் கதையைச் சொன்னால்தான் புரியும்.

எங்கள் சங்கச் செயற்குழுவில் எல்லாரும் ஆண்கள், நான் ஒருத்தி. முதல் கூட்டம். பெயின்ட் பற்றிப் பேசினார்கள், வாட்ச்மேன் தூங்குவதைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் தலைவர் என் பக்கம் திரும்பி, "மேடம், லேடீஸ் சைடுல ஏதாவது சொல்லணுமா?" என்றார். நான், "மோட்டார் ரிப்பேர் சார், மாடிக்குத் தண்ணி ஏறலை" என்றேன். அவர் ரொம்பப் பொறுமையாக, "அது ஜெனரல் சைடு மேடம். நீங்க லேடீஸ் சைடு சொல்லுங்க" என்றார்.

தண்ணீர் ஜெனரல் சைடாம்! குடம் தூக்குவது மட்டும் லேடீஸ் சைடு.

அடுத்த கூட்டம். மறுபடியும் மோட்டார் என்றேன். செயலாளர் என்னவோ எழுதிக்கொண்டார். எனக்கு ஒரே சந்தோஷம், வீட்டுக்காரரிடம் போய், "பார்த்தீங்களா, என் பேச்சு மினிட்ஸ்ல ஏறிடுச்சு" என்றேன். மூன்றாவது கூட்டத்தில் நோட்டை வாங்கிப் பார்க்கிறேன். நீல மை, அழகான கையெழுத்து, கீழே முத்திரை. 'மார்கழியில் கோலப் போட்டி நடத்துவது பற்றிப் பெண் உறுப்பினர் ஆலோசனை கூறினார்.' கோலம் என்ற சொல்லை நான் வாயால் எடுக்கவே இல்லை! செயலாளரைக் கேட்டால், "மேடம் பேசினா அதாத்தான் இருக்கும்னு நினைச்சேன்" என்கிறார். போட்டியும் நடந்தது. பரிசு வாங்கியது செயலாளர் வீட்டம்மா. மோட்டாரா? இன்னும் ரிப்பேர்தான்.

எங்கள் வீட்டு மாடியில், இந்தக் காலத்தில், இந்தக் கதி. இப்போது 1927-க்கு வாருங்கள். சென்னை மாகாணச் சட்டமன்றம். ஒரே ஒரு பெண். பிரிட்டிஷ் இந்தியாவிலேயே முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர். நியமன உறுப்பினர்தான், ஓட்டு வாங்கி வந்தவர் இல்லை. எதிரணியில் அடுத்துப் பேசப் போகிற பேராசிரியர் அதைச் சொல்லத்தான் காகிதத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறார், இங்கிருந்தே தெரிகிறது. ஐயா, அழித்துவிடுங்கள். பெண்கள் அந்தச் சபைக்குள் உறுப்பினராக வரலாம் என்று கதவு திறந்ததே 1926-இல்தான். அந்த வருஷத் தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாயாவைக் கொஞ்ச ஓட்டில் தோற்கடித்து அனுப்பினார்கள் நம் புண்ணியவான்கள்.

நியமனமாக வந்தவரை அந்தச் சபை என்ன செய்தது தெரியுமா? ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. தலைவர் எழுந்து போனால் நாற்காலி யாருக்கு? இந்த அம்மாவுக்கு. ஜமீன்தாரோ வக்கீலோ, வாயைத் திறக்க வேண்டுமென்றால் அந்த அம்மாவின் அனுமதி வேண்டும். எங்கள் சங்கத் தலைவரை ஒரு நாள் அந்தச் சபையில் உட்கார வைத்திருக்க வேண்டும்!

கோலப் போட்டியா பேசினார் அங்கே? பொட்டு கட்டுவதைப் பற்றிப் பேசினார். சிறு பெண்ணைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கம். நிறுத்துங்கள் என்று 1927-இலேயே தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானம் போட்டால் நின்றுவிடுமா? இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள், இதில்தான் சட்டமன்ற மூளை இருக்கிறது. கோயில் ஊழியத்துக்காக அந்தக் குடும்பங்களுக்கு மானிய நிலம் உண்டு. ஊழியம் நின்றால் நிலம் போச்சு. பாட்டி போனால் மகள், மகளுக்குப் பின்னால் பேத்தி என்று யாருக்காவது பொட்டு கட்டினால்தான் அடுப்பு எரியும். பெற்ற தாயே பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தினாள் என்று வைவது சுலபம், அவள் காலடியில் இருந்த நிலத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? இந்த அம்மா பார்த்தார். 1929-இல் அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம். நிலம் உனக்கே, ஊழியம் செய்யத் தேவையில்லை. அவ்வளவுதான், முடிச்சு அவிழ்ந்தது. எந்த ஆஸ்பத்திரியில், எந்த ஊசி போட்டு இதைச் செய்ய முடியும் தம்பி?

அடுத்த வருஷம், பொட்டு கட்டுவதையே தடை செய்ய மசோதா கொண்டுவந்தார். அதே 1930-இல் காந்தியைக் கைது செய்தார்கள். இந்த அம்மா பதவியை ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்தார். மூணே வருஷம் என்றீர்களே, ஏன் மூணு வருஷம் என்று சொன்னீர்களா? யாரும் இறக்கிவிடவில்லை. அவரே இறங்கினார். பதவியை விட்டு இறங்கச் சொன்னால் இந்தக் காலத்தில்... வேண்டாம், நடுவர் முறைக்கிறார்.

அட, அவர் டாக்டர் ஆனதே எப்படி? பெண் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கக் கூடாது என்று இதே ஊரில்தான் எதிர்த்தார்கள். அவர் அப்பாவுக்குக் கல்வித் துறையில் பெரிய பேர், அப்படியும் எதிர்த்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சேர்த்துக்கொள் என்று உத்தரவு போட்டார், கதவு திறந்தது. திறந்தது ஸ்டெதஸ்கோப் இல்லை ஐயா, அரசாங்க உத்தரவு! அதற்கப்புறம்தான் 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-இல் பட்டம்.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே ஒரு நிமிஷம்.

அந்த எதிர்ப்பில் படிப்பு மட்டுமா இருந்தது? அவர் அம்மா சந்திரம்மாள் பிறந்த குலத்தைச் சொல்லியும் பேசினார்கள். நான் அதைத் திருப்பிச் சொல்லப் போவதில்லை. தாயை ஊர் பேசியதைக் கேட்டு வளர்ந்த ஒரு பெண், 40 வயதில் சபைக்குப் போய், இன்னொரு வீட்டுப் பிள்ளை அந்தப் பேச்சைக் கேட்கக் கூடாது என்று எழுந்து நிற்கிறாள். மசோதா கொண்டுவந்தது 1930-இல், சட்டமானது 1947-இல். இடையில் 17 வருஷம். பொட்டு கட்டும் வழக்கத்துக்குப் பயந்து ஓடிவந்த பெண் பிள்ளைகள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். எந்த விடுதியும் அந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார், அதுதான் ஔவை இல்லம் ஆனது. ஏன் தம்பி அந்தப் பிள்ளைகள் அந்தக் கதவைத் தட்டினார்கள்? ஊரில் வேறு டாக்டர் வீடே இல்லையா? சபையில் தங்களுக்காகப் பேசிய அம்மா வீடு என்று தெரிந்து வந்தார்கள்.

அதோ, பின்னால் பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்திருக்கிறீர்களே கண்ணுகளா, உங்களைத்தான். பொட்டு கட்டுவது என்றால் என்னவென்று இன்று நான் சொல்வதற்கு முன்னால் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். வெட்கப்படாமல் தூக்குங்கள்.

ஒருத்திக்கும் தெரியவில்லை நடுவர் அவர்களே. மார்க்கை அங்கே பார்த்துப் போடுங்கள். நன்றி, வணக்கம்.