80 கிராம் வெயிட், 300 கிலோ மூடி: குக்கருக்குள் விசையும் அழுத்தமும்

[திரையில்: அடுப்பின் மேல் குக்கர். வெயிட் மெல்ல ஆடுகிறது. ஒரு நீண்ட விசில்.]

வணக்கம். இப்போ ஒரு விசில் கேட்டீங்க. உள்ளே இருக்கிற நீராவி அந்த வெயிட்டைத் தூக்கிடுச்சு, அதனாலதான் அந்தச் சத்தம். வீட்டுக் குக்கர் வெயிட் ஒண்ணு 80 கிராம் இருக்குன்னு வைச்சுக்குவோம். ரெண்டு விரலால தூக்கிடலாம்.

அதே நேரத்துல அதே நீராவி மூடியையும் மேல தள்ளிக்கிட்டிருக்கு. அந்த மூடி மேல எவ்வளவு எடையை வைச்சா அந்தத் தள்ளலுக்குச் சமமாகும் தெரியுமா? 300 கிலோவுக்கு மேல. 25 கிலோ அரிசிச் சிப்பம் பன்னிரண்டை மூடி மேல அடுக்கினாலும் போதாது.

ஒரே நீராவி. ஒரு இடத்துல 80 கிராமைத் தூக்குது, இன்னொரு இடத்துல 300 கிலோவைத் தூக்கத் தயாரா நிக்குது. இது எப்படின்னு புரிஞ்சா, எட்டாம் வகுப்பு அறிவியல்ல நிறையப் பேர் ஒண்ணோட ஒண்ணு போட்டுக் குழப்பிக்கிற விசை, அழுத்தம் ரெண்டும் தனித்தனியா விளங்கிடும்.

[திரையில்: உள்ளங்கையில் ஒரு எலுமிச்சம்பழம்.]

முதல்ல விசை. தள்ளுறதும் இழுக்கிறதும் விசை. அதை நியூட்டன்ங்கிற அலகால அளக்கிறோம். 100 கிராம் பொருள் ஒண்ணைக் கையில வைச்சா, அது உள்ளங்கையைக் கீழ அழுத்துற விசை ஏறத்தாழ 1 நியூட்டன். அப்போ 80 கிராம் வெயிட்டோட விசை 0.8 நியூட்டன். 1 கிலோன்னா 10 நியூட்டன். கணக்குச் சுலபமா இருக்க, புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8-க்குப் பதிலா 10-னு எடுத்துக்கிறேன்.

அடுத்து அழுத்தம். அந்த விசை எவ்வளவு பரப்புல விழுதுன்னு சேர்த்துக் கேட்டாத்தான் அழுத்தம் தெரியும்.

[திரையில்: அழுத்தம் = விசை ÷ பரப்பு]

1 நியூட்டன் விசை 1 சதுர மீட்டர் முழுக்கப் பரவினா 1 பாஸ்கல். ரொம்பச் சின்ன அலகு இது. அதனால இந்த வீடியோ முழுக்க ஆயிரத்துலயும் லட்சத்துலயும்தான் எண்கள் வரும், பயப்படாதீங்க.

அரிவாள்மனையில கூர் மழுங்கிட்டா வெண்டைக்காய் நசுங்குது, வெட்டுப்படலை. கை கொடுக்கிற விசை மாறலை. வெட்டுற விளிம்பு தடிச்சு, விசை விழுற பரப்பு கூடிப்போச்சு. குடத்தைத் தலையில தூக்குறவங்க துணியைச் சுருட்டிச் சும்மாடு வைக்கிறாங்களே, அங்கேயும் பரப்புதான் கூடுது, ஆனா நமக்கு வேண்டியதே அதுதான்: எடை ஒரு கிராம்கூடக் குறையாது, ஆனா அது தலையில அகலமா உட்காரும், வலி குறையும். இந்த ரெண்டும் எல்லாப் பாடப்புத்தகத்துலயும் வர்ற மாதிரி எடுத்துக்காட்டுதான். குக்கர்ல நடக்கிறது இதைவிடச் சுவாரசியம், ஏன்னா அங்கே அழுத்தம் மாறாம நிக்குது, விசை மாறுது.

[திரையில்: வெயிட் உட்காரும் ஆவிக்குழாயின் குறுக்குவெட்டுப் படம்.]

வெயிட் ஒரு சின்னக் குழாய் மேல உட்காருது. அந்தக் குழாயோட துளை பென்சில் முனை அளவுதான். அதோட பரப்பு 8 சதுர மில்லிமீட்டர்னு வைச்சுக்கலாம். நீராவி வெயிட்டைத் தொடுற இடம் அவ்வளவுதான். 0.8 நியூட்டன் எடையைத் தூக்கணும்னா அந்த 8 சதுர மில்லிமீட்டர்ல எவ்வளவு அழுத்தம் வேணும்? 8 சதுர மில்லிமீட்டர்ங்கிறது 0.000008 சதுர மீட்டர். வகுத்தா 1,00,000 பாஸ்கல். அதாவது வெளிக்காற்றோட அழுத்தத்தைவிட ஒரு லட்சம் பாஸ்கல் கூடினதும் வெயிட் எழும்பும், நீராவி பீறிடும். நம்ம வீட்டுக் குக்கர்கள் பெரும்பாலும் இந்த அளவை ஒட்டித்தான் வேலை செய்யுது.

இப்போ மூடிக்கு வாங்க. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட மூடி. பரப்பு 314 சதுர சென்டிமீட்டர், அதாவது 0.0314 சதுர மீட்டர். உள்ளே அதே ஒரு லட்சம் பாஸ்கல். பெருக்கிப் பாருங்க.

[திரையில்: 1,00,000 × 0.0314 = 3,140 நியூட்டன்]

3,140 நியூட்டன். 314 கிலோ எடைக்குச் சமம்.

பாத்திரத்துக்குள்ள நீராவி எந்த மூலையிலயும் ஒரே அழுத்தத்தோடதான் இருக்கு. துளை சின்னது, அதனால விசை 80 கிராம் அளவுக்கு. மூடி பெரிசு, அதனால விசை 314 கிலோ அளவுக்கு. ஒருத்தர் வந்து "குக்கருக்குள்ள எவ்வளவு விசை இருக்கு?"ன்னு கேட்டா அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. "எந்தப் பரப்பு மேல?"ன்னு நாம திருப்பிக் கேட்கணும். "எவ்வளவு அழுத்தம்?"னு கேட்டா மட்டும் ஒரே எண்ணாப் பதில் சொல்லலாம்.

துளை மேல ஒரு வெயிட்டை வைச்சு அழுத்தத்தைக் கட்டுப்படுத்துற இந்த யோசனை ரொம்பப் பழசு. டெனி பாப்பான்ங்கிற பிரெஞ்சுக்காரர் 1679-ல லண்டன்ல, இறுக மூடிய பாத்திரத்துல எலும்பையே மெத்துன்னு வேக வைச்சுக் காட்டினார். பாத்திரம் வெடிச்சுடாம இருக்க அவர் செஞ்ச ஏற்பாடுதான் பாதுகாப்பு வால்வு.

[திரையில்: விசில் அடித்துக் கொண்டே இருக்கும் குக்கர். அடுப்பின் தீ குறைக்கப்படுகிறது.]

விசில் பத்தி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும். "மூணு விசில் விடு, அஞ்சு விசில் விடு"ன்னு சமையல் குறிப்புல சொல்றாங்க. அஞ்சாவது விசில்ல உள்ளே இருக்கிற அழுத்தம் முதல் விசிலைவிடக் கூடுதலான்னு கேட்டா, இல்லை. வெயிட் எழும்புற அழுத்தம் ஒண்ணே ஒண்ணுதான். அதைத் தாண்டினா நீராவி வெளியே போயிடும், அழுத்தம் கொஞ்சம் இறங்கும், வெயிட் மறுபடி உட்காரும். அந்த அழுத்தத்துல தண்ணீர் கொதிக்கிற வெப்பநிலை ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ். தீயை எவ்வளவு கூட்டினாலும் உள்ளே இருக்கிற துவரம்பருப்புக்கு அதுக்கு மேல சூடு கிடைக்காது. விசில் மட்டும் அடிக்கடி வரும், சிலிண்டர் சீக்கிரம் தீரும். முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்ல வைக்கச் சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

இதோட இன்னொரு பக்கம் ஆபத்தானது. வெயிட் தொலைஞ்சு போச்சுன்னு வேற குக்கரோட வெயிட்டை எடுத்து வைக்கிற பழக்கம் நிறைய வீட்டுல இருக்கு. அதே துளை மேல 160 கிராம் வெயிட்டை வைச்சா அது எழும்ப ரெண்டு லட்சம் பாஸ்கல் வேணும். அப்போ மூடி மேல 628 கிலோ அளவுக்கு விசை. பார்க்கிறதுக்கு வித்தியாசம் வெறும் 80 கிராம்தான், ஆனா மூடியில அது 314 கிலோவா ஏறுது. பருப்புத் தோல் போய் ஆவித்துளையை அடைச்சாலும் இதே கதைதான். அதனாலதான் மூடியில இன்னொரு ஓரத்துல சேஃப்டி வால்வுன்னு ஒண்ணு இருக்கு. அளவு மீறிச் சூடானா அதுல இருக்கிற உலோகம் உருகி வழி விட்டுடும். வெயிட்டைப் போடுறதுக்கு முன்னாடி துளையில வெளிச்சம் தெரியுதான்னு பார்க்கிற பெரியவங்க சரியான அறிவியலைத்தான் செய்யறாங்க. நீங்களும் பாருங்க.

அடுப்பை அணைச்ச பிறகும் அவசரப்படக்கூடாது. சத்தம் நின்னுடுச்சு, வெயிட் அசையலை. இப்போ உள்ளே பத்துல ஒரு பங்கு, 10,000 பாஸ்கல் மட்டும் மிச்சம் இருக்குன்னு வைச்சுக்கோங்க. மூடி மேல அப்பவும் 31 கிலோ அளவுக்கு விசை இருக்கும். கொக்கியைத் திருப்பினா மூடியும் கொதிக்கிற குழம்பும் முகத்துக்கு வரும். மூடி உள்பக்கமா நுழைஞ்சு மாட்டுற வகைக் குக்கர் இருக்கே, அது இந்த விஷயத்துல நல்ல வடிவமைப்பு. நீராவியே மூடியை விளிம்போட சேர்த்து அழுத்திப் பிடிக்கும். அழுத்தம் இறங்குற வரைக்கும் அதை யாராலும் கீழ தள்ளித் திறக்க முடியாது.

[திரையில்: ஊட்டி மலைப்பாதை. ஜன்னலோரம் உப்பிய சிப்ஸ் பாக்கெட்.]

"வெளிக்காற்றைவிட ஒரு லட்சம் கூடுதல்"னு சொன்னேன். அப்போ வெளிக்காற்றோட அழுத்தம் எவ்வளவு? கடல்மட்டத்துல 1,01,325 பாஸ்கல். அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலயும் ஏறத்தாழ ஒரு கிலோ எடை அளவு. விரிச்ச உள்ளங்கை மேல 100 கிலோ. நமக்கு அது தெரியாததுக்குக் காரணம், காற்று மேலிருந்து மட்டும் அழுத்தலை. கைக்கு அடியிலிருந்தும் பக்கத்திலிருந்தும் அதே அளவு அழுத்துது, நம்ம உடம்புக்குள்ள இருக்கிற திரவங்களும் அதே அழுத்தத்தோட எதிர்த்து நிக்குது.

இந்த அழுத்தம் எங்கிருந்து வருது? நம்ம தலைக்கு மேல நிக்கிற காற்றோட எடையிலிருந்து. அப்படின்னா மேல ஏற ஏறக் குறையணுமே? 1648-ல பிரான்ஸ் நாட்டு அறிஞர் பாஸ்கல் இதைத்தான் சோதிச்சார். காற்றழுத்தம் குறைஞ்சா பாதரசம் இறங்கிக் காட்டுற ஒரு குழாயோட, தன் அக்காவோட கணவரை ஒரு மலை மேல ஏற வைச்சார். உச்சியில பாதரசம் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. அவரோட பேர்தான் இன்னிக்கு அழுத்தத்தோட அலகு.

அந்தச் சோதனையை நாம ஊட்டிக்குப் பஸ்ல போய்க்கிட்டே பார்க்கலாம். மேட்டுப்பாளையத்துல வாங்கின சிப்ஸ் பாக்கெட் மலை மேல ஏற ஏற உப்பும். உள்ளே அடைபட்ட காற்று கீழ்நாட்டு அழுத்தத்தோட தள்ளுது, வெளியே இருக்கிற காற்று தளர்ந்துபோச்சு. 2,240 மீட்டர் உயரத்துல இருக்கிற ஊட்டியில காற்றழுத்தம் கடல்மட்டத்துல இருக்கிறதுல நாலுல மூணு பங்குதான். தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதிச்சுடும், திறந்த பாத்திரத்துல சோறு வேக நேரம் பிடிக்கும். குக்கர் அங்கேயும் தன்னோட ஒரு லட்சத்தைச் சேர்த்துத் தரும், ஆனா சேர்க்கிற அடித்தளமே குறைவு. அதனால 120-க்குப் பதிலா 116 டிகிரி. மலையில இருக்கிறவங்க ரெண்டு விசில் கூட விடுறது இதனாலதான்.

[திரையில்: மொட்டைமாடித் தொட்டியும், அதிலிருந்து கீழே இறங்கும் குழாயும்.]

தண்ணீருக்கும் இதே கணக்கு. காற்றைவிடத் தண்ணீர் பல நூறு மடங்கு கனம்ங்கிறதால 10 மீட்டர் ஆழத்துலயே ஒரு லட்சம் பாஸ்கல் சேர்ந்துடும். மூணு மாடி உயரத்துல தொட்டி இருந்தா, கீழ் வீட்டுக் குழாயை மூடி வைச்சிருக்கும்போது அதுக்குள்ள குக்கர் அளவு அழுத்தம் காத்துக்கிட்டிருக்கும். தொட்டி 500 லிட்டரா 1,000 லிட்டரான்னு குழாய்க்குத் தெரியாது, உயரம் மட்டும்தான் கணக்கு. மேல் மாடியில ஷவர்ல தண்ணி நூலா வருதேன்னு பெரிய தொட்டி வாங்கினா பயன் இல்லை. இருக்கிற தொட்டியை ஒரு மேடை கட்டி உயர்த்தணும்.

[திரையில்: மதிய உணவு இடைவேளை. ஒரு மாணவி எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மூடியோடு போராடுகிறாள்.]

கடைசியா, உங்க எல்லாருக்கும் பழக்கமான ஒரு தொந்தரவு. காலையில சுடச்சுடச் சாம்பார் சாதம் வைச்சு மூடின டப்பா மதியம் திறக்க மாட்டேங்குது. "மூடி ஒட்டிக்கிச்சு"ன்னு சொல்றோம். ஒட்டுறதுக்கு அங்கே எதுவும் இல்லை.

மூடும்போது சாதத்துக்கு மேல இருந்த இடத்துல சூடான காற்றும் நீராவியும் இருந்தது. ஆறினதும் நீராவி தண்ணீர்த் துளியா மாறிடுச்சு, மூடியோட உள்பக்கம் வேர்த்திருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. மிச்சக் காற்றும் குளிர்ந்து அழுத்தம் இறங்கிடுச்சு. வெளியே மட்டும் அதே ஒரு லட்சம். உள்ளே பத்துல ஒரு பங்கு குறைஞ்சதுன்னு வைச்சுக்கலாம். 12 சென்டிமீட்டர் மூடி, 113 சதுர சென்டிமீட்டர் பரப்பு. ரெண்டு பக்கமும் இருக்கிற வித்தியாசம் 10,000 பாஸ்கல். பெருக்கினா 113 நியூட்டன். 11 கிலோ எடை மூடி மேல ஏறி உட்கார்ந்த மாதிரி. டப்பா உள்ளே இழுக்கலை, வெளிக்காற்று தள்ளுது.

இதை ஊருக்கே காட்டினவர் ஜெர்மனியில மக்டபர்க் நகரத்து மேயரா இருந்த ஒட்டோ ஃபான் கெரிக். 1650-கள்ல, ஏறத்தாழ அரை மீட்டர் விட்டமுள்ள ரெண்டு அரைக்கோளங்களைச் சேர்த்து வைச்சு, தான் செஞ்ச பம்பால உள்ளே இருந்த காற்றை எடுத்தார். ரெண்டு பக்கமும் குதிரைகளைப் பூட்டி இழுத்தாங்க, பிரியலை. வால்வைத் திறந்து காற்றை உள்ளே விட்டதும் கையாலேயே பிரிஞ்சது.

நீங்களும் அதையே செய்யுங்க. ஸ்பூன் விளிம்பை மூடிக்கு அடியில நுழைச்சு லேசா நெம்புங்க. "உஸ்"னு ஒரு சின்னச் சத்தம் வரும். குக்கர்ல அந்தச் சத்தம் வெளியே போற நீராவி, இங்கே அது உள்ளே நுழையுற காற்று. ஸ்பூன் இல்லைன்னா டப்பாவைக் கொஞ்ச நேரம் வெந்நீர்ல வைச்சா போதும், உள்ளே அழுத்தம் ஏறி மூடி தளரும்.

வீட்டுல செஞ்சு பார்க்க ஒரு வேலை. 12 சென்டிமீட்டர் டப்பா ஒண்ணு, 6 சென்டிமீட்டர் டப்பா ஒண்ணு. ரெண்டும் காற்றுப் புகாம மூடுற எவர்சில்வர் டப்பாவா எடுங்க. அதே சூட்டுல, அதே அளவு இடம் விட்டு, சாதம் வைச்சு மூடி ஆற விடுங்க. எதைத் திறக்க அதிகம் கஷ்டப்படணும், எத்தனை மடங்குன்னு முதல்ல நோட்டுல எழுதிட்டு அப்புறம் திறங்க. விட்டம் ரெண்டு மடங்குங்கிறதால ரெண்டுன்னு எழுதத் தோணும். பரப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்க: 28, 113. நாலு மடங்கு.