கவலை இருக்கட்டும், அது கட்டிக்குக் கேட்காமல் செய்ய முடியுமா?

வணக்கம். மார்பகப் புற்றுநோய் உள்ள எலிகளைத் தினமும் சிறிது நேரம் அசைய முடியாத இடத்தில் அடைத்து வைத்தார்கள். பயம், பதற்றம். கட்டியின் வளர்ச்சியில் பெரிய மாற்றமில்லை. ஆனால் அது உடம்பின் வேறு இடங்களுக்குப் பரவியது 30 மடங்கு கூடிவிட்டது! எரிகா ஸ்லோன், ஸ்டீவ் கோல் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இது. மார்பகப் புற்றுநோயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இந்தப் பரவல்தான். அதனால்தான் இந்த எண் என்னை உலுக்கியது.

சரி, பதற்றம் கட்டிக்கு எப்படித் தெரிகிறது? அட்ரினலின், நார்அட்ரினலின் என்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன. அவை வந்து உட்கார, செல்களின் மேல் பீட்டா ஏற்பி என்ற இருக்கை உண்டு. உட்கார்ந்தால் உத்தரவு போகும். பல புற்றுநோய் செல்களிலும் இதே இருக்கை இருக்கிறது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, ப்ரோப்ரனலால் மாத்திரை செய்வது அதைத்தான். துண்டு பயணம் செய்யாது, டிக்கெட் எடுக்காது. ஆனால் அது கிடக்கும்வரை வேறு யாரும் உட்கார முடியாது. ஹார்மோன் வரும், இடமில்லாமல் திரும்பிப் போகும். இத்தனைக்கும் இது புது மருந்தல்ல. ஜேம்ஸ் பிளாக் 1960களில் இதய வலிக்காக உருவாக்கியது. 1988இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அடைக்கப்பட்ட எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது பரவல் அந்த அளவுக்குக் கூடவில்லை. கவனியுங்கள், எலிகள் அப்போதும் அடைபட்டுத்தான் கிடந்தன. பதற்றத்தின் காரணம் நீங்கவில்லை, அதன் சேதிதான் கட்டிக்குப் போய்ச் சேரவில்லை.

அந்தச் சேதி போனால் என்ன ஆகும்? 2016இல் இன்னொரு ஆய்வு காட்டியது: புற்றுநோய் செல்கள் வெளியே போகும் பாதைகளில் ஒன்று நிணநீர் நாளங்கள்; கட்டியைச் சுற்றி அவை புதிதாக முளைக்கின்றன, அவற்றில் ஓட்டமும் வேகமாகிறது. வாய்க்காலையும் வெட்டி, மடையையும் திறந்துவிட்ட கதை.

மனிதர்களிடம்? ஆஸ்திரேலியாவில் 60 பெண்களுக்கு அறுவை சிகிச்சைக்கு முன் ஒரு வாரம் ப்ரோப்ரனலால் அல்லது மருந்தே இல்லாத ஒப்பீட்டு மாத்திரை கொடுத்தார்கள். 2020இல் முடிவு வந்தது: மருந்து எடுத்தவர்களின் கட்டியில், பரவும் தன்மையைக் காட்டும் மரபணுக்களின் செயல்பாடு குறைந்திருந்தது. நல்ல அறிகுறி. ஆனால் ஆயுள் கூடியதா என்பதை ஒரு வாரச் சோதனை சொல்லாது. அதற்குப் பெரிய சோதனைகள் வேண்டும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். இதைப் பார்த்துவிட்டு எந்த நோயாளியிடமும் "நீ கவலைப்பட்டதால்தான் பரவியது" என்று சொல்லிவிடாதீர்கள். இந்த நோய் வந்தால் கவலை வராமல் இருக்குமா? கவலைப்படாதே என்று சொல்லாமலே உதவக்கூடிய வழி என்பதால்தான் எனக்கு இந்த ஆராய்ச்சி இவ்வளவு பிடித்திருக்கிறது.

நீங்களாக இந்த மாத்திரையைத் தொடவும் வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாய் சுருங்கிவிடும். ஏற்கெனவே எடுப்பவர்கள் திடீரென நிறுத்தினாலும் இதயத்துக்கு ஆபத்து. எதுவானாலும் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள்.