தெரிந்த சொல்லே காலை வாரும்

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பில் பிள்ளை படிக்கும் வீடுகளில் ‘கியூட்’ என்ற பேச்சு அடிபடுகிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்பில் சேர 2022 முதல் தேசியத் தேர்வு முகமை நடத்திவரும் நுழைவுத் தேர்வு அது. டெல்லிப் பல்கலைக்கழகத்துக்கும் அதுதான் வாசல், நம் திருவாரூரில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் அதுதான். மொழித்தாளைத் தமிழிலேயே எழுதலாம் என்பது உண்மை. ஆனால் டெல்லியில் ஆங்கில இலக்கியம் படிக்க ஆசைப்படும் பிள்ளை ஆங்கிலத் தாளை எழுதித்தான் ஆகவேண்டும். 2025 முதல் அந்தத் தாளில் 50 கேள்விகள், 60 நிமிடம். எல்லாவற்றுக்கும் விடை எழுத வேண்டும். சரியான விடைக்கு ஐந்து மதிப்பெண், தப்பான விடைக்கு ஒன்று கழியும்.

தாள் முழுக்கச் சொல்தான். பத்தியைப் படித்துப் பொருள் காண்பது, ஒத்த பொருள், எதிர்ப்பொருள், கோடிட்ட இடம் என்று எங்கே திரும்பினாலும் சொல்வளம்தான் நிற்கிறது. உடனே பெற்றோர் என்ன செய்கிறார்கள்? ஐயாயிரம் சொற்கள் அடங்கிய தடிப் புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுத்து, ‘தினமும் ஐம்பது மனப்பாடம் பண்ணு’ என்கிறார்கள். பிள்ளையும் ‘ஏ’ எழுத்தில் தொடங்கி ‘சி’ எழுத்து வரை போய் அங்கேயே நின்றுவிடுகிறது. அந்தப் புத்தகத்தை இப்போதைக்குப் பரண்மேல் போட்டுவிடலாம் என்பது என் கட்சி. காரணம் சொல்கிறேன்.

மாணவனைத் தடுக்கி விழவைப்பது பெரும்பாலும் வாயில் நுழையாத அரிய சொல் இல்லை. ஏற்கெனவே தெரிந்த சொல்தான். வகுப்பில் ஒருநாள் பலகையில் இப்படி ஒரு வாக்கியம் எழுதினேன். ‘தி கமிட்டி கேவ் சவுண்ட் அட்வைஸ், பட் தி கவர்ன்மென்ட் ஃபெயில்ட் டு அட்ரஸ் தி கிரேவ் இஷ்யூ.’ முதல் வரிசை மாணவன் எழுந்து சட்டென்று தமிழில் சொன்னான்: ‘குழு சத்தமா அறிவுரை சொல்லிச்சு சார், ஆனா அரசாங்கம் கல்லறைக்கு அட்ரஸ் எழுதல.’ வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களைத் தனித்தனியாகக் கேட்டபோது அவர்களுக்கும் அதற்கு மேல் தெரியவில்லை. ‘சவுண்ட்’ என்றால் சத்தம்தான். அறிவுரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தால் ஆழ்ந்து யோசித்த, நம்பத்தக்க என்று பொருள். ‘கிரேவ்’ அங்கே கடுமையான, ‘அட்ரஸ்’ அங்கே பிரச்சினையைக் கையில் எடுத்துத் தீர்க்க முனைவது.

இப்படி எத்தனை! ‘லோன் சேங்ஷன் ஆயிருச்சு’ என்று நாம் மகிழ்ச்சியோடு சொல்லும் அதே சொல், ஒரு நாட்டின்மேல் ‘சேங்ஷன்ஸ்’ விதித்தார்கள் என்று வந்தால் பொருளாதாரத் தடை ஆகிவிடுகிறது. ‘அரெஸ்ட்’ காவல் நிலையத்தோடு முடிவதில்லை, சரிவை அரெஸ்ட் செய்தார்கள் என்றால் தடுத்து நிறுத்தினார்கள். ‘டெண்டர்’ பொதுப்பணித் துறையில் ஒப்பந்தப்புள்ளி, ‘டெண்டர் கோகனட்’ என்னும் இளநீரில் இளசு. ‘சீசன்’ என்றதும் நமக்குக் குற்றாலம் நினைவுக்கு வரும். ‘சீசன்ட்’ அரசியல்வாதி என்றால் பழம் தின்று கொட்டை போட்டவர். ‘நாவல்’ கதைப் புத்தகம்; அதுவே ‘நாவல் ஐடியா’ என்றால் புதுமையான யோசனை. நிமிடத்தைக் குறிக்கும் ‘மினிட்’டையே எழுத்து மாறாமல் ‘மைன்யூட்’ என்று உச்சரித்தால் மிகச் சிறிய என்று பொருள். தேர்வுத் தாள் தயாரிப்பவருக்கு இதைவிட வசதியான வேறு சரக்கு கிடையாது. கல்லறை என்ற தப்பு விடையை நான்கில் ஒன்றாகப் போட்டு வைத்துவிட்டுக் காத்திருப்பார்.

தேர்வுகளும் இந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கின்றன. அமெரிக்காவில் கல்லூரியில் சேர எழுதும் ‘சாட்’ தேர்வில் எதிர்ப்பொருள் கேள்விகளை 1994-இல் எடுத்தார்கள். சொல்லுக்குச் சொல் உறவு காணும் கேள்விகள் 2005-இல் போயின. அரிய சொற்களை வைத்து வாக்கியத்தை நிரப்பும் பகுதி 2016-இல் போயிற்று. இன்று அங்கே சொல்லைக் கேட்பது ஒரு சிறு பத்திக்குள் வைத்துத்தான்: அந்த இடத்தில் அதற்கு என்ன பொருள், அல்லது அங்கே எந்தச் சொல் பொருந்தும் என்று. நம் சட்டக் கல்லூரிகளுக்கான ‘கிளாட்’ தேர்வும் 2020 முதல் முழுக்கப் பத்தி சார்ந்ததாக மாறிவிட்டது. கியூட்டில் ஒற்றைச் சொல் கேள்விகள் இன்னும் இருக்கின்றன, ஆனால் பத்திகளின் எடையும் குறைவில்லை.

அப்படியானால் பட்டியலே வேண்டாமா? வேண்டும், ஆனால் சின்னப் பட்டியல். பிரிவினைக்கு முந்தைய வங்காளத்தில் டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், நம் நாட்டுப் பிள்ளைகள் திணறுவதைக் கண்ணால் பார்த்தவர். அவர் 1953-இல் சுமார் 2000 அடிப்படைச் சொற்களின் பட்டியலை வெளியிட்டார். எழுத்தில் வரும் ஆங்கிலத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு அந்தச் சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. நியூசிலாந்தின் ஆவெரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் கல்வி நூல்களில் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். அனலைஸ், அஸ்யூம், டெரைவ், கன்சிஸ்டன்ட், சிக்னிஃபிகன்ட் போன்றவை. பாடநூல் நடையில் வரும் பத்திகளில் சுமார் பத்து விழுக்காடு இவைதான். இந்த இரண்டு பட்டியல்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இந்த 570-ஐயும் சரியாகப் பிடித்தவனுக்கு ஐயாயிரம் சொல் புத்தகத்தின் மேல் பொறாமை வரவேண்டியதில்லை.

‘சரியாகப் பிடிப்பது’ என்றேனே, அதில்தான் வேலை இருக்கிறது. ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ப் பொருள் என்று எழுதி வைத்தால் போதாது. நாம் பூ வைக்கிறோம், விளக்கு ஏற்றுகிறோம், கோலம் போடுகிறோம். மாற்றிச் சொன்னால் காது உறுத்தும். ஆங்கிலத்திலும் டீ ‘ஸ்ட்ராங்’, மழை ‘ஹெவி’. டெசிஷனை ‘மேக்’ செய்கிறார்கள், குற்றத்தை ‘கமிட்’ செய்கிறார்கள். கோடிட்ட இடத்தில் கேட்பது இந்தக் கூட்டணியைத்தான். அதனால் சொல்லை எழுதும்போது அதோடு சேர்ந்து வந்த சொல்லையும் சேர்த்தே எழுதுங்கள்.

எழுதுவது எதில்? நோட்டில் வேண்டாம், அட்டையில். வீட்டில் சேர்ந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினால் போதும், காசு கொடுத்து வாங்க வேண்டாம். இரு பக்கமும் எழுத்தில்லாத பகுதிகளாகப் பார்த்து வெட்டி எடுங்கள். ஒரு பக்கம் நீங்கள் படித்த வாக்கியம், சொல் வரும் இடத்தில் கோடு. மறுபக்கம் அந்தச் சொல்லும் தமிழ்ப் பொருளும். பக்கத்தில் ஒரு கூட்டல் குறியோ கழித்தல் குறியோ போட்டுவிடுங்கள். ‘ஃப்ரூகல்’ என்றால் சிக்கனம், கூட்டல். ‘மைசர்லி’ என்றால் கஞ்சத்தனம், கழித்தல். இந்தக் குறி எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, அதை அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டார். முதல் சில மணி நேரத்திலேயே மறதி வேகமாக வேலை செய்கிறது, பிறகு மெதுவாகிறது என்று கண்டார். இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் மனத்தில் தங்குகிறது என்பதையும் அவரே காட்டினார். இதை வீட்டில் செய்து பார்க்க ஓர் அட்டைப்பெட்டி போதும் என்று செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் வழி சொன்னார். பெட்டியில் அவர் சொன்ன ஐந்து அறை எல்லாம் வேண்டாம், மூன்று போதும். முதல் அறை தினமும், இரண்டாவது மூன்று நாளைக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தப்பினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். ஒரு நாளைக்கு எட்டு பத்துப் புதுச் சொல்லுக்கு மேல் வேண்டாம். மிஞ்சினால் பெட்டி நிறையும், மண்டை நிறையாது.

வாக்கியங்களை எங்கிருந்து எடுப்பது? ஆங்கிலப் பத்திரிகையின் தலையங்கத்தைப் படி என்று எல்லாரும் சொல்வார்கள். மாநிலப் பாடத்திட்டத்தில், அதுவும் தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு முதல் நாளே தலையங்கம் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. நூறு சொல்லில் 98 தெரிந்திருந்தால்தான் அகராதி இல்லாமல் நிம்மதியாகப் படிக்க முடியும் என்று பால் நேஷன் போன்ற ஆய்வாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். காலையில் தமிழ்ப் பத்திரிகையில் ஒரு செய்தியைப் படியுங்கள், அப்புறம் அதே செய்தியை ஆங்கிலத்தில் தேடிப் படியுங்கள். விஷயம் தெரிந்துவிட்டதால் தெரியாத சொல் தானாகவே பிடிபடும். கிரிக்கெட் பிடித்தவர் விளையாட்டுப் பக்கத்தில் தொடங்கலாம், தப்பே இல்லை. தலையங்கத்துக்கு இரண்டு மாதம் கழித்துப் போகலாம்.

இப்போது அந்தக் கூட்டல், கழித்தல் குறி. நான்கு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால், நான்கு கேள்விக்கு ஒன்று சரியாகி ஐந்து கிடைக்கும், மூன்று தப்பி மூன்று போகும். சராசரியாகக் கேள்விக்கு அரை மதிப்பெண். இரண்டு விடைகளை உறுதியாக ஒதுக்கிவிட்டுத் தொட்டால் அது இரண்டு மதிப்பெண் ஆகிறது. ஒரு சொல்லின் முழுப் பொருள் நினைவுக்கு வராவிட்டாலும், இது நல்ல சொல்லா கெட்ட சொல்லா என்று மட்டும் தெரிந்தால்கூட இரண்டை ஒதுக்கிவிடலாம். அரைகுறையாகத் தெரிந்த சொல்லுக்கும் விலை உண்டு என்கிறேன். அதற்காகச் சோம்பேறித்தனத்துக்கு நான் சீட்டு எழுதிக் கொடுப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு விஷயம். ‘எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே, எப்படி உதவுவது?’ என்று கேட்கும் அம்மாக்கள் நிறையப் பேர். அட்டையின் பின்பக்கம் தமிழ் இருக்கிறதல்லவா, அதைப் படித்துச் சொல்லுங்கள், பிள்ளை ஆங்கிலச் சொல்லைச் சொல்லி, அந்த வாக்கியத்தையும் ஒப்பிக்கட்டும். தயங்கினாலோ, ‘இரும்மா, நாக்கு நுனியில இருக்கு’ என்று இழுத்தாலோ இரக்கம் காட்ட வேண்டாம், அந்த அட்டையை முதல் அறையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள்.

வணக்கம்.