பழைய கணினியில் கெர்னலை மாற்றலாமா?

நேயர்களுக்கு வணக்கம். வன்பொருளையும் மென்பொருள்களையும் இணைத்து ஓட்டும் லினக்ஸின் மையப் பகுதிதான் கெர்னல். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய கணினியில் லினக்ஸ் வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "என்னிடம் இருப்பது கெர்னல் 5.15. அதற்குப் பிறகு 6.1, 6.6, 6.12 என்று எத்தனையோ வந்துவிட்டன. நானும் மாறிவிடலாமா?"

இப்போது உங்கள் கணினியில் எது வேலை செய்யவில்லை என்று நான் திருப்பிக் கேட்பேன். சற்று யோசித்துவிட்டு, "எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது" என்பார்கள். சரி, அப்படியென்றால் அவசரமே இல்லை.

அதற்காக அப்டேட்டே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கே இரண்டு காரியங்கள் கலந்து கிடக்கின்றன. 5.15 என்ற அதே வரிசைக்குள் வரும் பாதுகாப்புத் திருத்தங்களை வாங்கிக்கொள்வது ஒன்று. 5.15இலிருந்து 6 என்று தொடங்கும் வரிசைக்குத் தாவுவது இன்னொன்று. முதலாவதைத் தள்ளிப்போடவே கூடாது. இரண்டாவதற்கு ஒரு காரணம் வேண்டும்.

புதிய கெர்னல் ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒருமுறை வெளியாகிறது. அவற்றில் சிலவற்றை மட்டும் நீண்டகால ஆதரவுக்கென்று எடுத்துவைத்து, வருடக்கணக்கில் ஓட்டைகளை அடைத்துத் தருகிறார்கள். 2021 அக்டோபரில் வந்த 5.15 அந்த வகைதான். லினக்ஸ் மின்ட் 21 என்ற டிஸ்ட்ரோ, அதாவது கெர்னலோடு மற்ற மென்பொருள்களையும் சேர்த்துத் தரும் தொகுப்பு, அதை வைத்துத்தான் வந்தது. டெபியன் 12 என்ற இன்னொரு டிஸ்ட்ரோவில் இருப்பது 6.1. முன்னால் உள்ள எண் அப்படியே இருக்க, உள்ளே திருத்தங்கள் சேர்ந்துகொண்டே இருக்கும். எண் சிறியது என்பதால் பாதுகாப்பில்லை என்று முடிவுகட்டிவிட முடியாது.

பாதுகாப்பு விஷயத்தில் வயது இரண்டு பக்கமும் வெட்டும். 'டர்ட்டி கவ்' என்ற ஓட்டை 2007 முதல் கெர்னலில் இருந்து, 2016இல்தான் அடைபட்டது. அப்போது திருத்தம் வாங்காத பழைய கெர்னல்கள் எல்லாம் ஆபத்தில் இருந்தன. 2022இல் வெளியே தெரிந்த 'டர்ட்டி பைப்' ஓட்டையோ 5.8இல்தான் நுழைந்தது. அதற்கு முந்தைய வரிசைகளில் இருந்தவர்களுக்கு அது தொல்லையே இல்லை. ஆகவே, நீங்கள் இருக்கும் வரிசையை இன்னும் யாராவது பராமரிக்கிறார்களா என்று பாருங்கள். உங்கள் டிஸ்ட்ரோவுக்கான ஆதரவு முடிந்துவிட்டதென்றால் யோசிக்கவே வேண்டாம், நகர வேண்டியதுதான். அப்போதும் கெர்னலை மட்டும் மாற்றிப் பயனில்லை. பிரவுசர் முதல் மற்ற எல்லாமே பழசாகத்தானே இருக்கும்? டிஸ்ட்ரோவையே மாற்றுங்கள்.

வேகம் கூடுமா? பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசசர் குறைகள் வெளியே வந்தன. அவற்றுக்குப் போட்ட தடுப்புகள் பழைய பிராசசர்களைத்தான் அதிகம் மெதுவாக்கின. பராமரிப்பில் உள்ள பழைய வரிசைகளிலும் அந்தத் தடுப்புகள் உண்டு என்பதால் பின்னால் தங்கியும் தப்ப முடியாது. அவற்றை அணைத்துவைக்கச் சிலர் யோசனை சொல்வார்கள். இணையம் பார்க்கும் கணினியில் அந்த வேலை வேண்டாம். ஒரு நல்ல செய்தி, ராம் குறைவாக உள்ளவர்களுக்கு: எந்த நினைவகப் பக்கத்தை (ராமின் சிறு துண்டு) வைத்திருப்பது, எதை வெளியேற்றுவது என்று தீர்மானிக்கும் முறையை 6.1இல் புதிதாக எழுதிச் சேர்த்தார்கள். உங்கள் டிஸ்ட்ரோ அதை இயக்கிவைத்திருந்தால், ராம் நிறையும் நேரத்தில் கணினி திணறுவது குறையலாம்.

பழைய கணினிக்கு உண்மையான கண்டம் டிரைவரில், அதாவது ஒவ்வொரு கருவியையும் கணினியோடு பேசவைக்கும் நிரலில்தான் இருக்கிறது. கெர்னலுக்கு உள்ளேயே இருக்கும் டிரைவர்களைப் பற்றிப் பொதுவாகக் கவலை இல்லை. கெர்னலின் உள்ளமைப்பை மாற்றுபவர்களே அவற்றையும் சேர்த்துத் திருத்திவிடுவார்கள். இன்டெல் கிராபிக்ஸ் உள்ள பழைய லேப்டாப்கள் புதிய கெர்னலில் பெரும்பாலும் நிம்மதியாக ஓடுவதற்கு அதுதான் காரணம். வெளியிலிருந்து வரும் டிரைவர் என்றால் கதை வேறு. ஜீஃபோர்ஸ் 8, 9 வரிசை கிராபிக்ஸ் கார்டுகளுக்கான 340 டிரைவரை என்விடியா 2019 முடிவோடு கைவிட்டது. பிறர் எழுதிய திருத்தங்கள் இல்லாமல் அது புதிய கெர்னலோடு சேர்ந்து கம்பைல் ஆகாது, அதாவது ஓடும் நிரலாக உருவாகாது. அப்புறம் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நுவோ என்ற திறந்த டிரைவர் படத்தைக் காட்டிவிடும், விளையாட்டுகளை அதில் எதிர்பார்க்க முடியாது. பிராட்காம் வைஃபை கார்டுகள் சிலவற்றுக்கும் இதே சிக்கல் உண்டு.

32 பிட் கணினியா? 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 அவற்றுக்குக் கெர்னலே தருவதில்லை. ஆனால் டெர்மினலில் 'எல்எஸ்சிபியு' (lscpu) என்று அடித்து, உங்கள் பிராசசர் 64 பிட்டா என்று பாருங்கள். 64 பிட் பிராசசரில் 32 பிட் லினக்ஸைப் போட்டு வைத்திருப்பவர்கள் நிறைய பேர்.

புதிய வைஃபை டாங்கிள் வாங்கினீர்கள், பழைய கெர்னலுக்கு அதைத் தெரியவில்லை. இப்படி ஒரு காரணம் இருந்தால் தாராளமாக மாறலாம். முதலில் புதிய கெர்னல் உள்ள ஒரு டிஸ்ட்ரோவைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்குங்கள். வைஃபை, ஒலி, திரை வெளிச்சம், மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று எல்லாம் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கைத் தொடவே வேண்டியதில்லை. அது சரியாக இருந்தால் உங்கள் டிஸ்ட்ரோ தரும் கெர்னலையே நிறுவுங்கள். மின்ட்டில் அப்டேட் மேனேஜருக்குள்ளேயே அதற்கு இடம் இருக்கிறது. கெர்னல் கோப்புகள் இருக்கும் பூட் பகுதி டிஸ்க்கில் தனியாக இருந்தால் அதில் இடம் மிச்சம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், பழைய கணினிகளில் அது அடிக்கடி நிறைந்துவிடும். பழைய கெர்னலை மட்டும் உடனே நீக்காதீர்கள். ஏதாவது கோளாறு என்றால், கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் கூடுதல் தேர்வுகளுக்குள் போய், பழையதைத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்து, புதியதை நீக்கிவிடலாம்.