பட்டம் ஒருவனுக்கு, சீட்டு இன்னொருவனுக்கு

(கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியின் மாணவர் வாகன மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேச அழைத்திருக்கிறீர்கள். தூக்கம் வந்தால் தாராளமாகத் தூங்கலாம், குறட்டை மட்டும் வேண்டாம்.

அழைப்பிதழில் என் தலைப்பை ‘ஃபார்முலா 1 ஓர் அறிமுகம்’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். மன்னிக்கணும், நான் அதைப் பேசப்போவதில்லை. அதற்குப் பல படி கீழே, பதினாறு பதினேழு வயதுப் பையன்கள் ஓட்டுகிற ஒரு போட்டியைப் பற்றி, அதிலும் ஒரே ஒரு சீசனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 2014ஆம் ஆண்டின் எஃப்ஐஏ ஐரோப்பிய ஃபார்முலா 3 சாம்பியன்ஷிப். எஃப்ஐஏ என்பது கார்ப் பந்தயங்களுக்கு விதி போடுகிற உலக அமைப்பு.

ஏன் அந்த சீசன்? இங்கே இறுதியாண்டு மாணவர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். கேம்பஸ் இன்டர்வியூ எப்படி நடக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும். ஒருவன் பரீட்சை எழுதி முடிப்பதற்குள் ஆஃபர் லெட்டரை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வான். யூனிவர்சிட்டி ரேங்க் இன்னொருவனுக்கு வரும். ரேங்க் வாங்கியவன் அடுத்த வருஷமும் பயோடேட்டாவைத் தூக்கிக்கொண்டு அலைவான். 2014இல் அதுதான் நடந்தது. பட்டத்தை வென்றவர் எஸ்டெபான் ஓக்கோன். ஃபார்முலா 1 சீட்டை வாங்கிக்கொண்டு போனவர் மூன்றாவதாக வந்த பையன். அவர் பெயர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன். இது அநியாயமா இல்லையா என்பதுதான் என் பேச்சு.

முதலில் காரைப் பார்த்துவிடுவோம். சக்கரங்கள் வெளியே தெரிகிற, ஒரே ஒருவர் உட்காரக்கூடிய கார். எல்லா அணிக்கும் உடல்கூடு ஒன்றுதான், இத்தாலியின் டல்லாரா நிறுவனம் செய்த எஃப்312. எஞ்சின் இரண்டு லிட்டர், நாலு சிலிண்டர், டர்போ கிடையாது. குதிரைத்திறன் இருநூறு சொச்சம். இதென்ன பெரிய விஷயம், எங்க சித்தப்பா காரிலேயே அவ்வளவு இருக்கிறதே என்று நினைப்பீர்கள். ஆனால் டிரைவர் ஹெல்மெட்டோடு ஏறி உட்கார்ந்த பிறகும் இந்தக் கார் பழைய மாருதி 800-ஐவிட எடை குறைவு. வேகமாகப் போகப் போக இறக்கைகள் காரைத் தரையோடு அழுத்தும். அழுத்த அழுத்த ஸ்டீயரிங் கனக்கும். பவர் ஸ்டீயரிங் கிடையாது.

அது என்ன கனம் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். பல வருஷத்துக்கு முன்னால், நம்ம செட்டிப்பாளையம் கரி டிராக்கில் ஒரு நண்பர் தயவில் எல்ஜிபி ஃபார்முலா கார் ஒன்றை நாலு சுற்று ஓட்டினேன். டல்லாராவோடு ஒப்பிட்டால் அது சாதுவான வண்டி. மறுநாள் காலையில் பல் துலக்க பிரஷ்ஷைத் தூக்க முடியவில்லை. (சிரிப்பு) அந்தப் பையன்கள் ஒரு வார இறுதியில் அரைமணி நேரத்துக்கு மேலான மூன்று ஓட்டங்கள் ஓட்டுவார்கள். அப்படி 11 வார இறுதிகள், ஆக 33 ஓட்டங்கள். ஏப்ரலில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் தொடங்கியது, அக்டோபரில் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் முடிந்தது.

இப்போது ஆட்கள். வெர்ஸ்டாப்பனின் அப்பா யோஸ், ஃபார்முலா 1-இல் நூறு பந்தயங்களுக்கு மேல் ஓட்டியவர். அம்மா சோஃபி கும்பெனும் கார்ட் என்கிற குட்டிக் கார்ப் பந்தயத்தில் பேர்போன வீராங்கனை. 2013இல் பையன் கியர் வைத்த கார்ட் பிரிவில் உலகப் பட்டம் வாங்கினான். 2014தான் அவனுக்குக் காரில் முதல் சீசன். சேர்ந்த இடம் நெதர்லாந்தின் வான் அமர்ஸ்போர்ட் அணி. 1992இல் அப்பா யோஸ் ஓட்டிய அதே பட்டறை! நம்ம ஊரில் அப்பா படித்த பள்ளிக்கூடத்திலேயே பையனைச் சேர்ப்பதில்லையா, அது மாதிரி.

ஓக்கோன் வீட்டுக் கதை வேறு. பிரான்சில் எவ்ரோ என்ற ஊர். அப்பா மெக்கானிக், சொந்தமாகப் பட்டறை வைத்திருந்தவர். பையனின் பந்தயச் செலவுக்காக வீட்டை விற்றார்கள், பட்டறையையும் விற்றார்கள். வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கிற கேரவனில் குடும்பமே குடியேறி, பந்தயம் நடக்கும் ஊர் ஊராகப் போனார்கள். சொத்தை விற்றுப் பிள்ளையைப் படிக்கவைத்த வீடுகள் இந்த அரங்கத்திலும் இருக்கும், அதனால் இதை நான் விளக்க வேண்டியதில்லை. 2014இல் அவர் சேர்ந்த அணியின் பெயர் பிரேமா. எங்கள் தெருவில் இரண்டு பிரேமாக்கள் இருக்கிறார்கள், இது மூன்றாவது. இத்தாலியில் விசென்சா பக்கத்து அணி, ஐரோப்பிய ஃபார்முலா 3 பட்டத்தை அதற்கு முந்தைய மூன்று வருஷமும் தூக்கிய அணி. அதாவது ஓக்கோனுக்கு வீட்டில் வசதியில்லை, கைக்குக் கிடைத்த கார் மட்டும் முதல்தரம். இதைச் சொல்லாமல் ஏழைப்பையன் கதையாக மட்டும் சொன்னால் அது பாதி உண்மை.

இன்னொருவர் டாம் ப்ளோம்க்விஸ்ட், கார்லின் அணி. அப்பா ஸ்டிக் ப்ளோம்க்விஸ்ட் 1984இன் உலக ராலி சாம்பியன். கார்லின் என்றதும் நீங்கள் காதைத் தீட்டிக்கொள்ள ஒரு காரணம் இருக்கிறது. நம்ம ஊர் நரேன் கார்த்திகேயன் 1999இல் பிரிட்டிஷ் ஃபார்முலா 3-இல் பிராண்ட்ஸ் ஹாட்ச் டிராக்கில் வென்றபோது ஓட்டியது இதே கார்லின் அணிக்காகத்தான்.

சரி, சீசனுக்கு வருவோம். எல்லா ஓட்டங்களையும் விவரித்தால் ராத்திரி ஆகிவிடும். இரண்டு வார இறுதிகளை மட்டும் சொல்கிறேன். ஜூன் மாதம், பெல்ஜியத்தின் ஸ்பா. நீளமான, காட்டுக்கு நடுவில் ஏறி இறங்குகிற டிராக். மூன்று ஓட்டங்களிலும் வெர்ஸ்டாப்பன் முதலிடம். அடுத்த வாரமே நியூரம்பர்க் நகரத்தின் நோரிஸ்ரிங். ஸ்பாவுக்கு நேர் எதிர். மொத்தமே 2.3 கிலோமீட்டர். ஹிட்லர் காலத்துப் பேரணி மைதானத்தின் கல்மேடைக்கு முன்னால் ஓடும் சாதாரணத் தெருச்சாலை. வரைபடத்தில் பார்த்தால் ஒரு நேர்கோடு, கொண்டை ஊசித் திருப்பம், நடுவில் ஒரு நெளிவு, இன்னொரு திருப்பம். அவ்வளவுதான். சின்ன டிராக்கில் திறமையைக் காட்ட இடமே இருக்காது, எல்லார் நேரமும் ஒட்டிக்கொண்டே இருக்கும் என்பார்கள். அங்கேயும் மூன்றுக்கு மூன்று அவனே. அடுத்தடுத்து ஆறு வெற்றி.

அதிலும் நோரிஸ்ரிங்கில் மழை. ஈரத்தார் ரோடு எப்படி இருக்கும்? காய்ந்த ரோட்டில் எல்லாரும் பிரேக் பிடிக்கிற, கார் திருப்புகிற அந்த வழக்கமான தடத்தில் ரப்பர் படிந்து கிடக்கும். மழை பெய்தால் அந்த ரப்பர்தான் முதலில் வழுக்கும். அதைவிட்டு விலகி, யாரும் போகாத ஓரத்தில் பிடிமானம் தேட வேண்டும். கார்ட் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது கைவந்த கலை. ரெட் புல்லின் இளையோர் திட்டத்தை நடத்திய ஹெல்முட் மார்க்கோ, இந்த மழை ஓட்டத்தைப் பற்றிப் பிற்பாடு பலமுறை பேசியிருக்கிறார். என் கணிப்பில் அந்த ஆஃபர் லெட்டர் அச்சாகத் தொடங்கியது அங்கேதான்.

ஆகஸ்ட் 18, 2014. ஃபார்முலா 1-இல் ரெட் புல்லின் இளைய அணியான டோரோ ரோசோ அறிவிக்கிறது: அடுத்த வருஷம் எங்கள் ஃபார்முலா 1 காரை வெர்ஸ்டாப்பன் ஓட்டுவார். பையனுக்கு அப்போது பதினாறு வயது. ஃபார்முலா 3 சீசன் முடிய இன்னும் இரண்டு வார இறுதிகள் பாக்கி. புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர் ஓக்கோன். இமோலாவில், கடைசி வார இறுதிக்கு முன்பே, ஓக்கோன் பட்டத்தை உறுதி செய்துவிட்டார். இறுதிக் கணக்கு: ஓக்கோன் 478 புள்ளி, ப்ளோம்க்விஸ்ட் 420, வெர்ஸ்டாப்பன் 411.

தம்பி, அந்த போர்டைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க. நன்றி.

வெர்ஸ்டாப்பன் வென்றது 10 ஓட்டம். ஓக்கோன் 9. ப்ளோம்க்விஸ்ட் 6. அதிகம் வென்றவன் மூன்றாமிடம். எப்படி? ஒரு வெற்றிக்கு 25 புள்ளி. வெர்ஸ்டாப்பனின் வெற்றிகளைத் தனியே எடுத்து வையுங்கள், 250. மிச்சம் 161. அது 23 ஓட்டங்களில் வந்தது, ஓட்டத்துக்கு ஏழு. ஆறாமிடத்துக்கு 8 புள்ளி, ஏழாமிடத்துக்கு 6. ஆக, வெல்லாத நாட்களில் அவன் சராசரியாக ஆறாமிடத்துக்கும் ஏழாமிடத்துக்கும் நடுவில் நின்றான். அதிலும் பல நாட்கள் மேடையில், பல நாட்கள் டிராக்கை விட்டு விலகி ஓரத்து மணலில்.

ஓக்கோனுக்கு வருவோம். ஒன்பது வெற்றிக்கு 225. மிச்சம் 253, ஓட்டங்கள் 24. ஓட்டத்துக்குப் பத்தரை. வெல்லாத நாளில்கூட ஐந்தாமிடத்துக்கு மேலே. ப்ளோம்க்விஸ்ட்டைப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியம்: 270-ஐ 27-ஆல் வகுத்தால் சரியாகப் பத்து. வெல்லாத நாளில் ஐந்தாமிடம், ஐந்தாமிடம், ஐந்தாமிடம். அலுவலகத்துக்கு லீவே போடாத மனிதர் மாதிரி.

இந்த மூன்று வரிக் கணக்கில் 2014 சீசன் முழுவதும் இருக்கிறது. பட்டியல் பொய் சொல்லவில்லை. ஒரு வருஷம் முழுக்க நிதானமாகக் காரைக் கரைசேர்த்தவருக்கு அது பட்டத்தைக் கொடுத்தது. ஆனால் மார்க்கோ பட்டியலைப் பார்த்து ஆள் எடுக்கவில்லை. அவர் பார்த்தது உச்சத்தை, இந்தப் பையனின் மிகச் சிறந்த நாள் மற்றவர்களின் மிகச் சிறந்த நாளைவிட எவ்வளவு உயரம் என்பதை. மணலில் போய் நிற்கிற பழக்கத்தைத் திருத்திவிடலாம், மழையில் அந்த வேகத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது பழமொழி. இங்கே பொறுத்தவர் பட்டத்தை ஆண்டார், பூமியை ஆண்டவர் வேறு.

அப்போது அநியாயமா? இல்லை என்றுதான் நான் சொல்வேன். அநியாயம் இருந்தது வேறு இடத்தில். மூன்றாமிடத்துக்கு வேலை கிடைத்தது தப்பில்லை. முதலிடத்துக்கு ஒன்றும் கிடைக்காமல் போனதுதான் தப்பு. ஓக்கோன் அடுத்த வருஷம் ஃபார்முலா 1-க்குப் போகவில்லை, ஜிபி3 என்ற இன்னொரு இளையோர் போட்டிக்குப் போனார். அங்கேயும் சாம்பியன். எத்தனை வெற்றியோடு தெரியுமா? ஒன்று. ஒரே ஒரு வெற்றி! பெரும்பாலும் இரண்டாமிடங்களாக அடுக்கி அடுக்கிப் பட்டம் வாங்கினார். மனிதர் மாறவேயில்லை. 2016 ஆகஸ்டில்தான், அதுவும் பாதி சீசனில், கடைசி வரிசை அணியான மேனரில் இடம் கிடைத்தது.

இதற்குள் வெர்ஸ்டாப்பன் 2015 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் ஃபார்முலா 1 ஓட்டிவிட்டான். வயது 17. அந்த வருஷம் செப்டம்பர் 30, பதினெட்டாவது பிறந்தநாளில்தான் ரோட்டில் கார் ஓட்ட லைசென்ஸ் வாங்கினான். மணிக்கு முந்நூறு கிலோமீட்டரில் பந்தயம் ஓட்டுகிறவன் கடைக்குப் போக அப்பாவின் தயவை எதிர்பார்க்க வேண்டிய நிலை. எஃப்ஐஏ விழித்துக்கொண்டது. 2016 முதல் குறைந்தது 18 வயது, சாலை லைசென்ஸ், இளையோர் போட்டிகளில் மூன்று வருஷத்தில் 40 புள்ளி என்று, ஃபார்முலா 1 ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸின் விதிகளை இறுக்கியது. அந்தப் புள்ளிகள் எதை வைத்து? பட்டியலில் பிடித்த இடத்தை வைத்து! ஓக்கோன் மாதிரி ஓட்டுகிறவர்களுக்குச் சாதகமான விதி, வெர்ஸ்டாப்பனைப் பார்த்துப் பயந்ததால் வந்தது. எனக்கு இதில் ஒரு சின்ன சந்தோஷம்.

அந்த வருஷம் ஓடிய மற்றவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபார்முலா 1 மட்டும்தான் கரை என்று நினைத்தால் தப்பு. ப்ளோம்க்விஸ்ட் அமெரிக்கா போய் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தை 2022, 2023 இரண்டு வருஷமும் வென்ற அணியில் இருந்தார். ஜோவினாட்சி 2023இலும் ஃபுவோகோ 2024இலும் ஃபெராரியோடு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றார்கள். ஜேக் டென்னிஸ், மின்சாரக் கார்கள் ஓடும் ஃபார்முலா ஈ போட்டியில் சாம்பியன் ஆனார். பிரேமாவில் ஓக்கோனின் சக வீரராக இருந்த நிக்கோலஸ் லத்தீஃபியை உங்களுக்குத் தெரியும். 2021 டிசம்பரில் அபுதாபியில் சுவரில் மோதி, விபத்து நேரத்தில் எல்லாரையும் மெதுவாக ஓடவைக்கும் பாதுகாப்புக் காரை வரவழைத்து, வெர்ஸ்டாப்பனின் முதல் உலகப் பட்டத்துக்குத் தெரியாமலே வழிவிட்டவர் அவர்தான்.

கடைசியாக, இவர்கள் இருவரும். 2018 நவம்பர், பிரேசிலின் இண்டர்லாகோஸ். வெர்ஸ்டாப்பன் முன்னணியில் ஓடுகிறார். ஒரு சுற்று பின்தங்கிய ஓக்கோன், புது டயரோடு, அந்தச் சுற்றைத் திரும்ப எடுக்கப் பார்க்கிறார். முதல் வளைவு தாண்டியதும் மோதல். வெர்ஸ்டாப்பன் சுழன்று நின்றார், கையிலிருந்த வெற்றி ஹாமில்டனுக்குப் போனது. பந்தயம் முடிந்து எடை பார்க்கிற இடத்தில் வெர்ஸ்டாப்பன் ஓக்கோனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார், எஃப்ஐஏ இரண்டு நாள் பொதுச்சேவை செய்யச் சொன்னது. உலகம் அதைப் புதுச் சண்டை என்று நினைத்தது. 2014ஐப் பார்த்தவர்களுக்கு அது பழைய பாக்கி.

பிறகு 2024 நவம்பர் 3. பத்து வருஷம் ஆகிவிட்டது. அதே இண்டர்லாகோஸ், கொட்டுகிற மழை. ஓக்கோன் நாலாமிடத்தில் கிளம்பி, மற்றவர்கள் டயர் மாற்ற ஓடியபோது பொறுமையாக டிராக்கிலேயே ஓடிக்கொண்டிருந்து, முதலிடத்துக்கு வந்துவிட்டார். வெர்ஸ்டாப்பன் கிளம்பியது பதினேழாவது இடத்திலிருந்து. பாதுகாப்புக் கார் விலகி ஓட்டம் மறுபடி தொடங்கியபோது, ஈர ரோட்டில் ஓக்கோனுக்கு நேர் பின்னால் அவர்தான். முதல் வளைவில் பிரேக்கைத் தள்ளிப்போட்டு உள்பக்கமாக நுழைந்தார். இந்த முறை மோதவில்லை. முதலிடம் வெர்ஸ்டாப்பன். பத்தொன்பது விநாடி கழித்து, இரண்டாமிடம் ஓக்கோன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். டீ வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.